விரித்த கையா, மடக்கிய முஷ்டியா? கூடைப்பந்து பார்க்கும் பெற்றோருக்கு ஓர் அரிச்சுவடி!

‘என் பொண்ணு நல்லாத்தானே விளையாடினா... எதுக்கு விசில் ஊதுறாங்க?’ பள்ளிக் கூடைப்பந்துப் போட்டிகளில் பெற்றோர் வரிசையில் அடிக்கடி எழும் கேள்வி இது. கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ-வுக்கே தீர்ப்பு சொல்லும் நாம், பாஸ்கெட்பாலில் பந்து வளையத்துக்குள் விழுந்தால் கைதட்டுவதோடு நின்றுவிடுகிறோம். விதிகள் ஏராளமாகத் தெரிந்தாலும், பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: யாருக்கும் அடிபடக் கூடாது!

பழக்கூடையில் பிறந்த ஆட்டம்

1891 டிசம்பர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. குளிரால் உள்ளே அடைபட்ட மாணவர்களுக்காக ஓர் ஆட்டத்தை உருவாக்கும் பொறுப்பு, கனடாவில் பிறந்த ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்துக்கு வந்தது. முரட்டு ஆட்டங்களை அரங்கத்துக்குள் ஆடினால் கைகால் முறியும். பந்தோடு ஓடுவதால்தானே எதிராளி பாய்ந்து தள்ளுகிறார்? ஓடக் கூடாது என்றால்? இலக்கைத் தலைக்கு மேலே வைத்தால் பலமாக எறிவதில் பயன் இல்லை. பதமாகத்தான் எறிய வேண்டும். மாடத்தின் கைப்பிடியில் பீச் பழக்கூடைகளைக் கட்டினார்; உயரம் 10 அடி. இன்றும் வளையம் அதே 10 அடியில்தான் இருக்கிறது. அவர் எழுதிய விதிகள் 13. முதல் ஆட்டம் முடிந்தது 1-0 என்ற கணக்கில்!

களமும் கணக்கும்

பன்னாட்டு விதிப்படி களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். ஒரு அணிக்கு களத்தில் 5 பேர். 10 நிமிடங்கள் கொண்ட நான்கு ‘குவார்ட்டர்’கள். விசில் ஊதினால் கடிகாரமும் நிற்கும். சமநிலை என்றால் 5 நிமிடங்கள் கூடுதல் ஆட்டம்.

சாதாரண கூடைக்கு 2 புள்ளிகள். 6.75 மீட்டர் வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் 3. தடுப்பார் இல்லாமல் எறியும் ‘ஃப்ரீ த்ரோ’வுக்கு 1.

விசில் ஊதியதும் நடுவரின் கையைப் பாருங்கள்

விரித்த உள்ளங்கை உயர்ந்தால் ‘வயலேஷன்’, அதாவது ஆட்ட முறையில் தவறு. மடக்கிய முஷ்டி உயர்ந்தால் ‘ஃபவுல்’, அதாவது எதிராளியைத் தள்ளுவது, பிடிப்பது போன்ற தவறு. பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

வயலேஷன்கள்: பந்து எதிரணிக்குப் போய்விடும், வேறு தண்டனை இல்லை.

* டிராவலிங்: பந்தைத் தரையில் தட்டாமல், கையில் பிடித்தபடி அனுமதிக்கப்பட்டதற்கு மேல் அடியெடுத்து வைப்பது. நெய்ஸ்மித்தின் ‘ஓடாதே’ விதியின் வாரிசு!
* டபுள் டிரிபிள்: தட்டிக்கொண்டே வந்து, நிறுத்திப் பிடித்துவிட்டு, மறுபடி தட்டுவது. இரண்டு கைகளாலும் சேர்த்துத் தட்டுவதும் இதில் அடங்கும்.
* நேர விதிகள்: பந்து கிடைத்த அணி 8 விநாடிகளுக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும்; 24 விநாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். தாக்கும் அணியினர் எதிரணிக் கூடைக்கு அடியில் உள்ள கட்டத்துக்குள் தொடர்ந்து 3 விநாடிகளுக்கு மேல் நிற்கக் கூடாது.

ஃபவுல்கள்: தள்ளுவது, பிடித்து இழுப்பது, எறிபவரின் கையில் அடிப்பது எல்லாம் இதில் வரும். எறியும்போது ஃபவுல் செய்து, பந்தும் உள்ளே விழவில்லை என்றால் 2 ஃப்ரீ த்ரோ; மூன்று புள்ளி முயற்சி என்றால் 3. விழுந்துவிட்டால் அந்தப் புள்ளிகளோடு கூடுதலாக ஒரு ஃப்ரீ த்ரோ. ஒருவர் 5 ஃபவுல் செய்தால் மீதி ஆட்டத்தில் அவர் இல்லை. ஒரு குவார்ட்டரில் அணியின் ஃபவுல் நான்கைத் தாண்டினால், தடுக்கும்போது செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு 2 ஃப்ரீ த்ரோ.

இங்கே ஒரு வேண்டுகோள். கிரிக்கெட்டில் அவுட் ஆவது மாதிரி இல்லை ஃபவுல். துடிப்பாகத் தடுத்து ஆடும் பிள்ளைக்கு ஒரு போட்டியில் இரண்டு, மூன்று ஃபவுல் விழுவது இயல்பு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லித் திட்டாதீர்கள். அடுத்த ஆட்டத்தில் பந்தின் பக்கம் போகவே பிள்ளை தயங்கும்.

காதில் விழும் சொற்கள்

* ரீபவுண்ட்: கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது.
* அசிஸ்ட்: கூடை போடுவதற்கு வழிசெய்து கொடுக்கும் பாஸ்.
* ஸ்டீல்: எதிராளியிடமிருந்து பந்தைத் தட்டிப் பறிப்பது.
* லே-அப்: ஓடிவந்து, எம்பி, கூடைக்குப் பக்கத்திலிருந்து பந்தைப் போடுவது.

கூடை போட்டவரின் பெயர் மட்டும்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். ‘இன்னிக்கு உன் அசிஸ்ட் சூப்பர்’ என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

‘உயரம் இல்லையே... அதுவும் பொண்ணாச்சே!’

அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் 14 சீசன்கள் ஆடிய மக்ஸி போக்ஸின் உயரம் 5 அடி 3 அங்குலம்தான்! பெண்களைப் பொறுத்தவரை, ஆட்டம் பிறந்த மறு வருடமே, 1892-ல், ஸ்மித் கல்லூரி மாணவிகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார் சென்டா பெரென்சன் என்ற ஆசிரியை. இந்தியப் பெண்கள் அணியின் முன்னாள் கேப்டன், நம் சென்னையின் அனிதா பால்துரை, 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

பிள்ளையைச் சேர்க்கப்போகிறீர்களா? பந்தின் அளவைக் கவனியுங்கள். ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 6, சிறுவர்களுக்கு 5. பெரிய பந்தைச் சின்னக் கைகளில் கொடுத்தால், எறியும் முறையே தவறாகப் பழகிவிடும். பிடிமானமுள்ள ஷூ அவசியம். நகத்தை வெட்டி, கம்மல், வளையலைக் கழற்றி அனுப்புங்கள். ஆடும் பிள்ளைக்கும் அடிபடாது. எதிரே ஆடும் பிள்ளைக்கும் கீறல் விழாது!