கட்டளைக்குப் பணியும் விரல்

சந்தேகத்துக்குரிய லிங்க்கைத் தொடுபவர்கள் எல்லாரும் ஏமாளிகள் அல்ல. பொறுப்பும் ஒழுங்கும் உள்ளவர்களுக்குத்தான் தூண்டில் வீசப்படுகிறது. சிக்கியபின் வரும் வெட்கம், மிச்சப் பணத்தையும் கொண்டுபோகிறது.

செகந்திராபாத்தின் வடகிழக்கே இருக்கும் சைனிக்புரிக்குப் பெயரிலேயே ராணுவம் இருக்கிறது. ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக உருவான குடியிருப்பு. பக்கத்தில் வாயுபுரி, டிஃபென்ஸ் காலனி. முப்படை அதிகாரிகளுக்கு நிர்வாகம் கற்றுத்தரும் பாதுகாப்பு மேலாண்மைக் கல்லூரியும் இங்கேதான். சற்றுத் தள்ளிப் போனால், தேர்தலுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் செய்துதரும் ஈ.சி.ஐ.எல். நிறுவனம். எதிரியை எடைபோடத் தெரிந்தவர்களும் எலக்ட்ரானிக்ஸ் அறிந்தவர்களும் நிறைந்த வட்டாரம்.

இத்தகைய ஊரிலும் செல்போன் சிணுங்கி, "உங்கள் வாகனத்தின் மீது அபராதம் நிலுவையில் உள்ளது. இன்றே செலுத்தவும்" என்று ஒரு செய்தி வந்தால், கை தானாகக் கீழே உள்ள லிங்க்குக்குப் போகிறது. காரணம், அது நம்பக்கூடிய செய்தி. ஹைதராபாத் சாலைகளில் ஹெல்மெட் இல்லாமல் போனாலோ சிக்னலைத் தாண்டினாலோ போலீஸ் எடுத்த படத்தோடு இ-சலான் வருவது வழக்கம்தான்.

இந்த வழக்கத்தை மோசடிக்காரர்கள் எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதற்கு ஹைதராபாத்திலேயே உதாரணம் உண்டு. நிலுவையிலிருந்த அபராதங்களுக்குத் தெலங்கானாவில் 2023 டிசம்பர் 26 முதல் தள்ளுபடி அளிக்கப்பட்டது. இரு சக்கர வாகனங்களுக்கு 80 சதவீதம், கார்களுக்கு 60 சதவீதம். மக்கள் முண்டியடித்துக்கொண்டு பணம் கட்டினார்கள். தள்ளுபடி முடிவதற்குள், 2024 ஜனவரியில், போலீஸின் இணையதளத்தைப் போலவே ஒரு போலித் தளம் முளைத்துவிட்டது. அதன் முகவரியில் 'இ-சலான்' இருந்தது, 'போலீஸ்' இருந்தது. அரசுத் தளங்களுக்கே உரிய 'கவ்' என்ற சொல் மட்டும் இல்லை. அதை நம்ப வேண்டாம் என்று போலீஸார் எச்சரிக்க வேண்டியதாயிற்று.

அந்தத் தளத்துக்குப் போயிருக்கக்கூடியவர்கள் யார்? அபராதத்தை ஏய்க்க நினைத்தவர்கள் அல்ல. கட்டிவிட வேண்டும் என்று நினைத்தவர்கள்.

வேளை பார்த்து வரும் செய்தி

சந்தேகத்துக்குரிய லிங்க்கைத் தொடுபவர்களைப் பேராசைக்காரர்கள் என்றோ அறியாதவர்கள் என்றோ ஒதுக்கிவிடுவது சுலபம். லாட்டரிப் பரிசு என்று வந்த கடிதங்களுக்கு அது பொருந்தலாம். இப்போது வரும் செய்திகள் வேறு ரகம். "இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்ற செய்தி நாடு முழுக்கச் சுற்றி வந்தது. "உங்கள் பார்சல் முகவரி தவறு", "உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும்" என்பவையும் அப்படியே. இவற்றில் ஆசை காட்டுதல் இல்லை. கடமையைத்தான் நினைவூட்டுகின்றன.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி, மனிதர்கள் எதற்கு இணங்குகிறார்கள் என்பதை ஆராய்ந்து 1984-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் பட்டியலிட்டவற்றில் இரண்டு: அதிகாரத்துக்குப் பணிதல், கைவிட்டுப் போய்விடுமோ என்ற பதற்றம். போலிச் செய்தியில் இரண்டும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. அரசு முத்திரை, உடனே கெடு. வாழ்நாள் முழுக்க உத்தரவுக்கு உடனே பதில் சொல்லிப் பழகியவர்களுக்கு இது சோதனை.

ஓய்வூதியக்காரர்கள் விஷயத்தில் தூண்டில் இன்னும் கூர்மையாகிறது. உயிர்ச் சான்றிதழை ஆண்டுதோறும் நவம்பரில் அளிக்க வேண்டும். 2014-ல் வந்த ஜீவன் பிரமாண் திட்டத்தால் அதை செல்போனிலேயே முடிக்கலாம். 2021 முதல் ராணுவ ஓய்வூதியமும் ஸ்பர்ஷ் என்ற இணைய ஏற்பாட்டுக்கு மாறத் தொடங்கியது. வசதிதான். ஆனால் "சான்றிதழைப் புதுப்பிக்காவிட்டால் பென்ஷன் நிற்கும்" என்ற செய்திக்கும் அதனால் வலு வந்துவிட்டது. பணியில் சேர்ந்த நாள், ஓய்வுபெற்ற நாள், பென்ஷன் ஆணை எண் எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு பேசுகிறார்கள் என்று ஓய்வூதிய அலுவலகங்களே எச்சரித்திருக்கின்றன. இவ்வளவும் தெரிந்தவர் அரசு ஆளாகத்தான் இருப்பார் என்று நினைப்பது மனித இயல்பு.

தெரிந்தவர் பெயரில்

அதிகாரத்துக்கு அடுத்தபடி நம்பப்படுவது நட்பு. 2000 மே 4 அன்று, 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் உலகைச் சுற்றியது. திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் அவர் பெயரிலேயே அது போனது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம்கூடத் தன் மின்னஞ்சலை நிறுத்திவைக்க நேர்ந்தது. இன்று அதே வித்தை வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகையாக வருகிறது. பத்திரிகை என்று நினைத்துத் தொட்டால் செல்போனில் ஒரு ஆப் இறங்குகிறது. கேட்கும் அனுமதிகளைக் கொடுத்துவிட்டால் குறுஞ்செய்திகளை அது படிக்கிறது. வங்கி அனுப்பும் ஓடிபி மோசடிக்காரருக்குப் போய்விடுகிறது. "நான் யாரிடமும் ஓடிபி சொல்லவே இல்லையே" என்று பணத்தை இழந்தவர் திகைப்பது இதனால்தான். அவர் சொல்லவில்லை, செல்போன் சொல்லிவிட்டது. வாட்ஸ்அப் கணக்கும் கைமாறினால், அடுத்த பத்திரிகை அவர் பெயரிலேயே காலனி குழுவுக்குப் போகும்.

எச்சரிக்கை தெரியாததால்தான் இப்படி நடக்கிறதா? ஜெர்மனியின் எர்லாங்கன்-நூரென்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஜினைடா பெனன்சன் நடத்தி, 2016-ல் வெளியான ஆய்வு இல்லை என்கிறது. விருந்துப் புகைப்படங்கள் என்ற பெயரில் மாணவர்களுக்கு லிங்க் அனுப்பப்பட்டது. முன்பின் தெரியாத லிங்க் ஆபத்து என்று அறிந்திருப்பதாக 78 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆனாலும், பெயர் சொல்லி அழைத்து அனுப்பிய முதல் சோதனையில் 45 சதவீதம் பேர் தொட்டார்கள். பெரும்பாலோர் சொன்ன காரணம்: ஆர்வம். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. தொட்டதாக ஒப்புக்கொண்டவர்கள் 20 சதவீதம்தான். மறந்தார்களோ, மறைத்தார்களோ!

வெட்கத்தின் விலை

மாணவர்கள் மறைத்தால் நஷ்டமில்லை. சேமிப்பை இழந்தவர் மறைத்தால் நஷ்டம் பெரிது. "இத்தனை அனுபவம் இருந்தும் ஏமாந்தாயே" என்று மகனோ மருமகளோ கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சத்தில் ஓர் இரவு போய்விடுகிறது. அதற்குள் பணம் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குப் பிரிந்து, கடைசியில் ரொக்கமாக எடுக்கப்பட்டுவிடும்.

இதைத் தடுக்கவே, வங்கிகளையும் போலீஸாரையும் இணைக்கும் ஏற்பாட்டை மத்திய உள்துறை 2021-ல் தொடங்கியது. 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்தால், பணம் எங்கே நிற்கிறதோ அங்கேயே அதை முடக்க முடியும். நாடாளுமன்றத்தில் 2025 ஜூலையில் அரசு தந்த கணக்குப்படி, சைபர் மோசடிகளில் 2023-ல் பறிபோனது ரூ.7,465 கோடி, 2024-ல் ரூ.22,845 கோடி. இந்த ஏற்பாட்டின் மூலம் அதுவரை காப்பாற்றப்பட்டது ரூ.5,489 கோடி. காப்பாற்றப்பட்ட பணத்துக்குப் பின்னால் இருப்பது, வெட்கத்தை ஒதுக்கிவிட்டு உடனே போனை எடுத்தவர்களின் வேகம்.

அரசும் சில வேலிகள் போட்டிருக்கிறது. குறுஞ்செய்தியில் நிறுவனங்கள் அனுப்பும் லிங்க்குகள் முன்பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகைக்கு இந்த வேலி எதுவும் இல்லை.

அங்கே மிஞ்சுவது ஒரு பழக்கம்தான். அபராதமா? லிங்க்கை விட்டுவிட்டு, போலீஸின் தளத்தைத் தானே திறந்து பார்ப்பது. பத்திரிகையா? அனுப்பியவரைக் கூப்பிட்டு, "கல்யாணம் யாருக்கு?" என்று கேட்பது. ஓரிரு நிமிடத் தாமதம், அவ்வளவுதான். மோசடிக்காரருக்குத் தாங்க முடியாதது அந்தத் தாமதம் ஒன்றே.

சைனிக்புரியின் முன்னாள் வீரர்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. முகாம் வாயிலில் இரவுக் காவல் நிற்பவர், வருகிறவர் சீருடையில் இருக்கிறார் என்பதற்காக வழிவிடுவதில்லை. "நில், யார் அது?" என்று கேட்ட பிறகுதான் கதவு திறக்கும்.