மும்முறை மீள்நிலை (சதுரங்கம்)

மும்முறை மீள்நிலை என்பது சதுரங்க ஆட்டம் சமநிலையில் (டிரா) முடியும் வழிகளுள் ஒன்று. பலகையில் ஒரே நிலை மூன்று முறை வந்தால், நகர்த்தும் முறை யாருடையதோ அவர் சமநிலை கோரலாம். கோரிக்கை சரியானால் இருவருக்கும் தலா அரைப் புள்ளி கிடைக்கும்.

தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, 2013 நவம்பர் 9 அன்று சென்னையில் நடந்த உலக வாகையர் போட்டியின் முதல் ஆட்டம். வெள்ளையில் மாக்னசு கார்ல்சன், கருப்பில் விசுவநாதன் ஆனந்த். 12ஆம் நகர்த்தலுக்குப் பின் வெள்ளை ராணி பி3, ஏ3 கட்டங்களுக்கும், கருப்புக் குதிரை ஏ5, சி4 கட்டங்களுக்கும் மாறி மாறிச் சென்றன. ராணி குதிரையைத் தாக்க, குதிரை நகர்ந்து ராணியைத் தாக்கியது. 16 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. முதல் நகர்த்தலின் சாதகம் வெள்ளைக்கு என்பதால், கருப்பில் ஆடிய ஆனந்துக்கு இது நல்ல முடிவே.

இந்த ஆட்டத்தின் குறிப்பை எண்ணிப் பார்த்தால், எந்த நிலையும் இரண்டு முறைக்கு மேல் வரவில்லை. 17ஆவதாக ராணி மீண்டும் பி3க்குப் போயிருந்தால்தான் மூன்றாம் முறை. ஆனால் அந்த நகர்த்தலைப் பலகையில் ஆடித்தான் கோர வேண்டும் என்பதில்லை.

கழக அளவிலான ஆட்டக்காரர்கள் தவறுவது இங்கேதான். மூன்றாம் முறை வரச்செய்யும் நகர்த்தலைக் குறிப்புத் தாளில் எழுதி, காயைத் தொடாமல், கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைக்க வேண்டும். காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திய பிறகு கோர முடியாது. அந்த உரிமை எதிராளிக்குப் போய்விடும். அவர் வெற்றிக்கு ஆடுபவராயின் வேறு வழியில் நகர்த்துவார், அரைப் புள்ளியும் நழுவும். ஆறுமுகநேரி போன்ற சிற்றூரில் நகர்த்தல்களைக் குறித்து ஆடும் போட்டிக்கும் இதே விதிதான். கோரிக்கை தவறானால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும்.

நகர்த்தல்கள் திரும்புவது முக்கியமன்று, நிலையே திரும்ப வேண்டும். அது அடுத்தடுத்து வரவேண்டியதும் இல்லை. நகர்த்த வேண்டியவர் ஒருவராகவே இருக்க வேண்டும். கோட்டை கட்டும் உரிமையும் மாறியிருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

2014 சூலை முதல் நடப்புக்கு வந்த விதிப்படி, ஒரே நிலை 5 முறை வந்தால் யாரும் கோராமலே ஆட்டம் சமநிலையாகும்.