பாலைவனத்தில் மாடு மேய்ந்த காலம்: ஜுப்பா பாறைகள் சொல்லும் செய்தி

சவூதியில் வசிக்கும் நம் குடும்பங்கள் விடுமுறை கிடைத்தால் மக்கா, மதீனா செல்கிறோம். வடக்கே ஹாயில் பக்கம் போகிறவர்கள் குறைவு. ஆனால் பிள்ளைகளுடன் அவசியம் பார்க்க வேண்டிய ஓர் இடம் அங்கே இருக்கிறது.

ஹாயில் நகரிலிருந்து வடமேற்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில், நஃபூத் பாலைவனத்துக்குள் இருக்கும் ஊர் ஜுப்பா. ஊரை ஒட்டி நிற்பது உம்மு சின்மான் மலை. இம்மலையையும், ஹாயிலுக்குத் தெற்கே உள்ள ஷுவைமிஸ் பாறைகளையும் 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இங்குள்ள உருவங்களில் பழையவை பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை.

ஒரு காலத்தில் இம்மலையடிவாரத்தில் ஏரி இருந்தது. அதனால்தான் பாறைகளில் நீண்ட கொம்புள்ள மாடுகளைக் காண்கிறோம். புல்லும் தண்ணீரும் இல்லாத இடத்தில் மாடு வாழாது. பிந்திய காலத்து உருவங்களில் ஒட்டகங்கள் பெருகுகின்றன. நிலம் வறண்ட கதை இதுதான். அரபு நிலம் மீண்டும் புல்வெளிகளாகவும் ஆறுகளாகவும் மாறும் என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி கூடுதல் சிந்தனையைத் தரும்.

உருவங்களுக்கு அருகே 'தமூதிக்' எனப்படும் எழுத்துகளும் உண்டு. பெயரைப் பார்த்து, ஸாலிஹ் நபியின் சமூகமான ஸமூது கூட்டத்தார் எழுதியவை என்று நாம் முடிவு செய்துவிடக் கூடாது. பல வகைப் பழைய வட அரேபிய எழுத்துகளுக்கு ஆய்வாளர்கள் பொதுவாக வைத்த பெயர் அது.

இவை வண்ணம் பூசிய ஓவியங்கள் அல்ல, கல்லால் கொத்தியவை. வெயிலிலும் காற்றிலும் பாறையின் மேல் கருமையான படலம் படிகிறது. அதைக் கொத்தினால் உள்ளிருக்கும் வெளிர்நிறம் தெரியும். அந்த இடம் மறுபடியும் கறுக்கப் பல நூற்றாண்டுகள் ஆகும். ஆகவே இன்று ஒருவர் விளையாட்டாகத் தன் பெயரைக் கீறினாலும், அவருடைய பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது அழியாது. அடியில் இருந்த பழைய உருவமோ திரும்பக் கிடைக்காது.

குளிர்காலத்தில் செல்வது நல்லது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது உருவங்கள் தெளிவாகத் தெரியும். உச்சிவெயிலில் பாதி கண்ணுக்குப் படாது. தண்ணீரும் நல்ல காலணியும் அவசியம். பாறையைத் தொடாமல், மேலே ஏறாமல் பார்க்கப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைப்போம். மாடு எது, ஒட்டகம் எது என்று அவர்களையே தேடச் சொன்னால், நிலம் மாறிய வரலாற்றை அவர்களே படித்துக்கொள்வார்கள்.