உங்களுக்குத் தெரியுமா? தொப்பியில் குத்திய திருப்பயணம்

இடைக்கால ஐரோப்பாவில் ஒருவர் எந்தத் திருத்தலத்துக்குப் போய்வந்தார் என்பதை அவர் தொப்பியில் குத்தியிருக்கும் வில்லையே சொல்லிவிடும். ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்கு நடந்து, புனித யாக்கோபின் கல்லறையை வணங்கியவருக்கு விசிறி போன்ற சிப்பி. ரோமுக்குப் போனவருக்குப் புனித பேதுருவின் சாவிகள்.

இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்தில் 1170 டிசம்பர் 29 அன்று, பேராயர் தாமஸ் பெக்கெட்டை மன்னர் இரண்டாம் ஹென்றியின் வீரர்கள் நால்வர் வெட்டிக் கொன்றார்கள். 1173இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அவருடைய இரத்தம் கலந்ததாக நம்பப்பட்ட நீரைச் சின்னஞ்சிறு ஈயக் குப்பிகளில் அடைத்து, நோய் தீரும் என்ற நம்பிக்கையோடு அங்கே வந்த திருப்பயணிகள் கழுத்தில் தொங்கவிட்டு ஊர் திரும்பினார்கள்.

வில்லை செய்வது எளிது. கல்லில் உருவத்தைக் குடைந்து அச்சு செய்வார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கி ஊற்றினால் சட்டென்று இறுகிவிடும். பின்புறம் குத்திக்கொள்ள ஊசி. சிலவற்றில் துணியோடு தைத்துக்கொள்ள ஓரத்தில் சிறு வளையங்கள். விலை மலிவு என்பதால் ஏழைகளும் வாங்கினார்கள்.

லண்டனில் தேம்ஸ் நதிச் சேற்றிலிருந்து இத்தகைய வில்லைகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. காற்றுப்படாத சேறு, மெல்லிய உலோகத்தை அரிக்கவிடாமல் காப்பாற்றியிருக்கிறது.

இன்னொரு வியப்பு: ஜெர்மனியின் ஆகென் நகரில் திருப்பண்டங்களைத் தூரத்தில் நின்றே பார்க்க முடிந்தது. அவற்றின் அருளொளியைப் பிடித்துக்கொள்ளக் கண்ணாடி பதித்த வில்லைகளைப் பயணிகள் உயர்த்திக் காட்டினார்கள். 1439இல் அங்கே நடக்கவிருந்த திருப்பயணத்தை நம்பி அத்தகைய கண்ணாடிகளைத் தயாரிக்கும் தொழிலில் சிலர் கூட்டாக இறங்கினார்கள். கொள்ளைநோயால் அந்தத் திருப்பயணம் 1440க்குத் தள்ளிப்போனது. அந்தக் கூட்டாளிகளில் ஒருவர், 1450களில் விவிலியத்தை அச்சிட்ட யோஹான்னஸ் குட்டன்பர்க்!