பின்னால் இருந்த வெறுங்கதிரை

எங்கள் தையல் பயிற்சி நிலையத்தில் பிற்பகல் தேநீர் நேரம் 15 நிமிடம். அந்த 15 நிமிடத்தில் பெரும்பாலும் கைத்தொலைபேசியில் நாடகம்தான் ஓடும். ஒருநாள் நான் என்னுடைய தொலைபேசியில் ஒரு பட்மின்டன் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகக் காலத்தில் கொஞ்சம் விளையாடியவள் நான். பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் விட்டுப்போகவில்லை. போட்டி ஐரோப்பாவில் நடந்தது. விளையாடியவர் வியட்நாம் நாட்டு வீராங்கனை நுயென் துய் லின். தேநீர்க் கோப்பையுடன் என் பின்னால் வந்து நின்ற சகோதரி ஒருவர் சற்று நேரம் பேசாமல் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மிஸ், மற்றப் புள்ளைக்குப் பின்னால ரெண்டு பேர் இருந்து சொல்லிக் குடுக்காங்க. இந்தப் புள்ளைக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் இல்ல? கதிரை சும்மா கிடக்கே?"

பட்மின்டனைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரின் கண்ணில் முதலில் பட்டது அந்த வெறுங்கதிரை. நானோ இத்தனை காலமும் புள்ளிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். தேநீர் நேரத்துக்குள் அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

லின் 1997ஆம் ஆண்டு வடவியட்நாமின் பூ தோ மாகாணத்தில் பிறந்தவர். வியட்நாமிய மக்கள் தமது ஆதி அரசர்களாகப் போற்றும் ஹூங் மன்னர்களின் கோயில் இருப்பது அந்த மாகாணத்தில்தான். வியட்நாம் என்றதும் எங்களில் பலருக்கு யுத்தம்தான் நினைவுக்கு வரும். அந்த யுத்தம் 1975இல் முடிந்தது. லின் பிறந்தது அதற்கு 22 வருடங்களுக்குப் பின்னர். விளையாட்டுக்காகச் சொந்த ஊரை விட்டு வந்து டா நாங் நகரத்துக்கும், பிற்காலத்தில் தெற்கே உள்ள டோங் நாய் மாகாணத்துக்கும் விளையாடினார். நுயென் என்பது குடும்பப் பெயர். எங்கே திரும்பினாலும் ஒரு நுயென் இருப்பார் என்பதால் அந்த நாட்டில் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் ஆளை அழைப்பார்கள். நாமும் லின் என்றே சொல்வோம்.

லின்னுக்கு முன்னர் வியட்நாம் பட்மின்டன் என்றால் உலகம் அறிந்தது ஒரேயொரு பெயரைத்தான். அவர் நுயென் தியென் மின், லின்னுக்கு உறவில்லை. 2008, 2012, 2016, 2020 என்று நான்கு ஒலிம்பிக் விளையாட்டுகளில் பங்குபற்றியவர். 2013இல் சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த உலக சம்பியன்ஷிப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அந்தப் போட்டியில் பதக்கம் வென்ற முதல் வியட்நாமியர் அவரே. அவரது மனைவி வூ தி ட்ராங்கும் பட்மின்டன் வீராங்கனைதான். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் இருவரும் விளையாடினார்கள். மகள் பிறந்த பின்னரும் ட்ராங் மீண்டும் மைதானத்துக்கு வந்தார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

லின்னின் பெயர் வெளியுலகுக்குத் தெரியவந்தது டோக்கியோவில். கொரோனா காரணமாக ஒரு வருடம் பிந்தி, 2021இல் நடந்த ஒலிம்பிக் அது. ஒவ்வொரு குழுவிலும் முதலாவதாக வருபவர் மட்டுமே அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்பது விதி. லின் இருந்த குழுவில் அப்போது உலகின் முதலாம் நிலை வீராங்கனையான தாய்வானின் தாய் சூ யிங் இருந்தார். பிரான்ஸ் வீராங்கனை சீ சுவேபெய்யை லின் 21-11, 21-11 என்று வென்றார். சுவிற்சர்லாந்தின் சப்ரினா ஜாக்கேயை 21-8, 21-17 என்று வென்றார். தாய் சூ யிங்கிடம் 16-21, 11-21 என்று தோற்றார். மூன்றில் இரண்டை வென்றும் வீடு திரும்ப வேண்டியதாயிற்று. அந்த ஒலிம்பிக்கில் தாய் சூ யிங் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

இனிக் கதிரைக்கு வருகிறேன். சர்வதேசப் போட்டிகளில் மைதானத்தின் இரு முனைகளிலும் கதிரைகள் போட்டிருப்பார்கள். அவை பயிற்றுவிப்பாளர்களுக்கு உரியவை. ஒரு ஆட்டம் 21 புள்ளிகள். ஒருவர் 11 புள்ளியைத் தொட்டதும் 60 விநாடி இடைவேளை. ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையில் 120 விநாடி. அந்த நேரத்தில் பயிற்றுவிப்பாளர் எழுந்து வந்து பேசலாம். "அவள் பின்பக்கம் ஓடக் கஷ்டப்படுகிறாள், அங்கேயே அடி" என்பார். அல்லது "பதறாதே, தண்ணீர் குடி" என்பார். சட்டில் கொக் ஏறக்குறைய 5 கிராம் எடை, 16 இறகுகள். உள்ளக அரங்கில் குளிரூட்டியின் காற்றுக்கே திசை மாறும். எந்தப் பக்கம் காற்று இழுக்கிறது என்பதை விளையாடுகிறவரைவிட வெளியில் இருந்து பார்ப்பவர் விரைவாகக் கண்டுகொள்வார். கதிரை வெறுமையாக இருந்தால் அந்த 60 விநாடியும் துவாயால் முகத்தைத் துடைப்பதிலும் தனக்குள் தானே பேசிக்கொள்வதிலும் போகும். எதிர்ப்பக்கத்தில் மட்டும் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஏன் தனியே போனார்? உலகத் தரவரிசை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்தால் இது விளங்கும். கடந்த 52 வாரங்களில் ஒருவர் விளையாடிய போட்டிகளில் மிகச் சிறந்த 10 பெறுபேறுகளைக் கூட்டுவார்கள். வீட்டில் இருந்தால் புள்ளி இல்லை. பழைய புள்ளிகளும் ஒரு வருடத்தில் கழன்றுபோகும். தரவரிசை கீழே போனால் பெரிய போட்டிகளில் இடம் கிடைக்காது. ஒலிம்பிக்குக்கும் வழி அடைபடும். ஆகவே நாடு நாடாகப் போயே ஆக வேண்டும். விமானச் சீட்டு, விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். பயிற்றுவிப்பாளரும் கூடப் போவதென்றால் அத்தனையும் இரண்டு மடங்கு. பணக்கார நாட்டு அணிகள் பயிற்றுவிப்பாளர், உடற்பயிற்சி மருத்துவர், விளையாடிப் பழகத் துணை என்று ஒரு பட்டாளமாகவே வந்து இறங்கும். லின் பல ஐரோப்பியப் போட்டிகளுக்குப் பயிற்றுவிப்பாளர் இல்லாமல் தன்னந்தனியே போனார்.

அப்படி விளையாடியும் வென்றார். 2022இல் பெல்ஜியம் சர்வதேசப் போட்டியில் சம்பியன் ஆனார். அதே வருடம் ஹோ சி மின் நகரில் நடந்த வியட்நாம் ஓபன் பட்டத்தையும் பெற்றார். 2023இலும் 2024இலும் அதே பட்டம் அவருக்கே, தொடர்ந்து மூன்று வருடம். உலகத் தரவரிசையில் முதல் 20 பேருக்குள்ளும் வந்தார். 2023ஆம் ஆண்டு வியட்நாம் ஓபனின் மொத்தப் பரிசு ஒரு இலட்சம் அமெரிக்க டொலர். ஒற்றையர் சம்பியனுக்கு அதில் 7.5 வீதம், அதாவது 7,500 டொலர். இலங்கைக் காசில் இருபது இலட்சத்துக்கு மேல் என்றதும் எங்கள் நிலையத்தில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஐரோப்பாவுக்குப் போய்வர என்ன செலவாகும் என்று சொன்னதும் பிளந்த வாயை மூடினார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. லின்னைப் பற்றி எழுதுகிறவர்கள் "தனியாகவே போராடி வென்ற வீரப்பெண்" என்று புகழ்கிறார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால் அந்தக் கதிரையில் யார் இருந்திருக்க வேண்டும் என்ற கேள்வி அந்தப் புகழ்ச்சிக்குள் காணாமல் போய்விடுகிறது. ஆள் அனுப்பாதவர்களுக்கு அது வசதி. எங்கள் பகுதியிலும் கணவரை இழந்து குடும்பத்தைச் சுமக்கும் பெண்களைத் "தைரியசாலி, எதையும் தனியே செய்வாள்" என்று மேடையில் பாராட்டுவதைக் கேட்டிருக்கிறேன். பாராட்டியவர்களில் எவரும் அடுத்த நாள் அவளோடு பஸ் ஏறியதைக் கண்டதில்லை.

மற்றவர்களைச் சொல்லி என்ன? நானும் அதையே செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் காணி அலுவல் ஒன்றுக்காக ஒரு தாய் என்னைக் கூட வரச் சொல்லிக் கேட்டார். "நீங்களே போய்ப் பேசிப் பழகுங்கள் அம்மா, அதுதான் உங்களுக்குப் பலம்" என்று சொல்லி அனுப்பினேன். சமூகவியல் வகுப்பில் படித்ததை அப்படியே ஒப்புவித்தேன் என்று வையுங்கள். அவர் மூன்று முறை அந்த அலுவலகத்துக்குப் போனார். மூன்று முறையும் வெவ்வேறு கடதாசி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை நானும் போனேன். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. அங்கே நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியதெல்லாம் அந்த அம்மாதான். கடதாசிகளும் முதல் மூன்று முறை கொண்டுபோனவைதான். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன், அவ்வளவே. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

லின்னின் கதை இன்னும் இருக்கிறது. 2024இல் ஜேர்மன் ஓபனில் இறுதிப் போட்டி வரை வந்து டென்மார்க்கின் மியா பிளிக்பெல்ட்டிடம் தோற்றார். அதே வருடம் பாரிஸில் தனது இரண்டாவது ஒலிம்பிக்கில் விளையாடினார். அவுஸ்திரேலியாவின் டிபனி ஹோவை 21-6, 21-3 என்று வென்றார். அமெரிக்காவின் பெய்வென் சாங்கிடம் தோற்றார். இந்தத் தடவையும் குழுவில் ஒருவருக்கே இடம் என்பதால் அத்துடன் முடிந்தது.

அன்று கதிரையைப் பற்றிக் கேட்ட சகோதரி பயிற்சி முடித்து இப்போது வீட்டிலேயே தைக்கிறார். சந்தையில் கண்டால், "அந்தப் புள்ள இப்ப எந்த நாட்டில நிக்கி?" என்று மறக்காமல் கேட்பார். 2025 ஜூலையில் கேட்டபோது, கனடா ஓபனில் இறுதிப் போட்டி வரை போய் ஒரு யப்பான் பிள்ளையிடம் தோற்றுவிட்டார் என்றேன்.

"தோத்தாலும் காசு குடுப்பாங்களா மிஸ்?"

"குடுப்பாங்க. வென்றவருக்குக் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதி."

விரல் மடித்து எதையோ கணக்குப் பார்த்தார். பிறகு சொன்னார், "அப்ப டிக்கட் காசு வந்திருக்கும். இனியாவது ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகட்டும்."