துயரைப் படமாக்குதல்

2009 பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை அடுத்தடுத்து எறிகணை வீச்சுக்குள்ளானது. அந்த மாதங்களில் உறவுகளை இழந்த பலருக்கு உடலை முறைப்படி அடக்கம் செய்யவும் அவகாசம் கிடைக்கவில்லை. அழுது தீராத அத்தகைய துயரம் ஆண்டுகள் கழித்தும் மனச்சோர்வாக உறைந்து நிற்பதுண்டு.

போர் தனிமனிதரை மட்டுமன்றிச் சமூகத்தையே காயப்படுத்துகிறது என்பது யாழ்ப்பாண உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் நெடுநாள் ஆய்வு. ஆகவே ஆறுதலுக்கும் கேட்போர் வேண்டும்.

ஜூட் ரட்ணம் 1983 ஜூலை வன்செயலின்போது கொழும்பிலிருந்து ரயிலில் வடக்கே தப்பிய சிறுவர். பின்னாளில் அவர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்து 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். மகன் பொதுவிடத்தில் தமிழ் பேசினால் தமக்குள் எழும் அச்சத்தையும் அதில் மறைக்கவில்லை. கொடிய நினைவு கேளாமலே வந்து தாக்கும். படத்தொகுப்பிலோ அது எங்கே தொடங்கி எங்கே நிற்பதென்பதைத் தீர்மானிப்பவர் பாதிக்கப்பட்டவரே. இது மருத்துவத்துக்கு மாற்றன்று. துணையின்றித் திரும்பத் திரும்பப் பார்ப்பது புண்ணைக் கிளறவும் கூடும்.

அப்படம் 2017இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. தமிழ் இயக்கங்களையும் விமர்சித்த அது, 2018இல் யாழ்ப்பாண விழாவிலிருந்து எதிர்ப்பின் காரணமாக விலக்கப்பட்டது. கேட்கவேண்டியவர்களே செவிசாய்க்க மறுத்தோம் என்றே சொல்லவேண்டும்.

1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு உட்பட வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும் சொல்லித் தீராத கதை உண்டு. புத்தளத்தில் வளர்ந்த அவர்களின் பிள்ளைகள் கமெராவுடன் பெற்றோரின் ஊருக்குத் திரும்பினால், அந்தப் படத்துக்கு இங்கே திரை கிடைக்குமா?