எந்தப் பட்டறைக் கல்லு தம்பி?

சம்பளப் பட்டியல் ஓடவில்லை என்று போன் வந்தபோது, நான் ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் மச்சினி கல்யாணம் முடிந்திருந்தது.

"ஸார், போன மாசம் நாலு நிமிஷத்துல முடிஞ்சுது. இப்ப ஒன்றரை மணி நேரமா ஓடிட்டே இருக்கு" என்றான் ஆபீஸ் ஜூனியர் பையன். புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட யாரும் தொடவில்லையாம். மறுநாள் ஒண்ணாந்தேதி. அறுநூறு பேரும் என் பெயரை எப்படியெல்லாம் உச்சரிப்பார்கள் என்று நினைத்ததும் இளநீர் புரையேறியது.

காரணம் சட்டென்று பிடிபட்டதற்கு என் மாமனாருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். "ரயில்ல நாலு பேருதான் வருவாக மாப்பிள்ளை" என்று காரைக்குடி ஸ்டேஷனுக்கு ஒரே ஒரு காரை அனுப்பியிருந்தார். இறங்கியது முப்பது பேர். டிரைவர் நல்ல மனுஷன். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தார், நாலு நாலு பேராக. கடைசி டிரிப் வந்து சேர்ந்தபோது தாலி கட்டி, பந்தியில் பாயசம் போய்க்கொண்டிருந்தது. ஒரு பஸ் பிடித்திருந்தால் ஒரே நடை.

டேட்டாபேஸுக்குள்ளும் ஒரு மாமனார் உட்கார்ந்திருக்கிறார். பெயர் ஆப்டிமைஸர். 'இந்த விவரம் வேண்டும்' என்று நாம் கேட்கிறோமே தவிர, எப்படித் தேடுவது என்று சொல்வதில்லை. இண்டெக்ஸைப் பிடித்து ஒவ்வொன்றாக எடுப்பதா, டேபிள் முழுவதையும் ஒரே மூச்சில் வாருவதா, எதை முதலில் எதோடு சேர்ப்பது என்பதெல்லாம் அவர் பாடு. எத்தனை பேர் வருவார்கள் என்று உத்தேசம் போட்டு, மலிவான வழியை எடுப்பார். 1979-ல் ஐ.பி.எம்.மில் பட்ரீஷியா ஸெலிங்கர் குழுவினர் எழுதிவைத்த முறை இது. இன்றைய பெரிய டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் அந்த வம்சம்தான். உத்தேசம் தப்பினால் முப்பது பேருக்கு ஒரு கார்.

சரி, இவர் எந்த இடத்தில் மனசு மாறுகிறார் என்று கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஜயந்த் ஹரித்ஸாவும் (நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்) அவருடைய மாணவர்களும் சேர்ந்து அதற்கு ஒரு கருவி செய்தார்கள். அது ஒரே க்வெரியை எடுத்துக்கொண்டு, இரண்டு நிபந்தனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது. கிடக்கையில் நூறு, நிற்கையில் நூறு என்று வைத்தால், பத்தாயிரம் தடவை ஆப்டிமைஸரைக் கேட்கும். வேலையைச் செய்யச் சொல்வதில்லை. 'எப்படிச் செய்வீர்?' என்று மட்டும்தான். ஒவ்வொரு வழிக்கும் ஒரு நிறம். திரையில் விரிகிற படத்தைப் பார்த்து, கருவிக்கு பிக்காஸோ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

நாலைந்து நிறம், அகலமான பாத்திகள், இவ்வளவுதான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். 2005-ல் நவீன் ரெட்டியும் ஹரித்ஸாவும் வெளியிட்ட கட்டுரையில் இருந்த படங்கள் வேறு ஜாதி. நடுவில் தீவுகள், பலகை ஜன்னல் மாதிரிப் பட்டைகள், அம்மை போட்டாற்போலப் புள்ளிகள். சில இடங்களில் டேட்டா கூடக்கூடச் செலவு குறையும் என்று வேறு ஆப்டிமைஸர் கணக்குச் சொல்கிறது! எந்தக் கம்பெனி ஆப்டிமைஸர் என்றுதானே கேட்கிறீர்கள்? சட்டச் சிக்கல் என்று ஏ, பி, சி என்றே எழுதினார்கள். கிசுகிசு எழுதுபவர்கள் தோற்றார்கள்.

இத்தனை நிறம் தேவையா? 2007-ல் அதையும் பார்த்தார்கள். செலவு 20 சதவிகிதம் கூடினால் போகிறது என்று விட்டுக்கொடுத்தால், டஜன் டஜனான வழிகளைச் சுமார் பத்துக்குச் சுருக்கிவிடலாமாம். எனக்கென்னவோ அந்தப் பொம்மைகளைவிட இந்தக் கணக்குதான் பெரிய விஷயம்.

ஜூனியரை டேட்டாபேஸின் புள்ளிவிவரத் தேதியைப் பார்க்கச் சொன்னேன். ஆறு மாசப் பழசு. இந்த மாதம்தான் இன்னொரு கிளையின் பத்து வருட வருகைப் பதிவை அப்படியே கொண்டுவந்து கொட்டியிருந்தோம். ஆப்டிமைஸர் பாவம், பழைய கணக்கை நம்பி ஒரே காரை அனுப்பியிருக்கிறார். கொட்டியதும் புள்ளிவிவரத்தைப் புதுப்பித்திருக்க வேண்டிய ஆசாமி, கல்யாண அவசரத்தில் ரயில் ஏறிவிட்டார். (அடியேன்தான்.) ஓடுவதை நிறுத்தி, புதுப்பித்து, மறுபடி ஓட்டச் சொன்னேன்.

காத்திருந்த நேரத்தில் பட்டறைப் பெரியவர் ஒரு கல் போட்டார். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம், அதற்குள் பூ அச்சு, அறை அறையாகக் கலர் சிமெண்ட் கரைசல். மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சைத் தூக்கினார். ஒரு நிறம்கூட எல்லை தாண்டவில்லை. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை அப்பினார். பூ அடியில், கண்ணாடிப் பக்கம் கிடக்கிறது. காய்ந்து கண்ணாடி விலகினால்தான் போட்டவருக்கே தெரியும்.

போன் வந்தது. "முடிஞ்சுது ஸார். நாலரை நிமிஷம்."

சந்தோஷத்தில் போனிலேயே ஒரு பிக்காஸோ படத்தைத் தேடி எடுத்துப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"இது எந்தப் பட்டறைக் கல்லு தம்பி? கை பழகாத பய போட்டிருக்கான். கலரெல்லாம் கலந்து கெடக்கு."